மெக்டொனால்ட்ஸ் ஏன் 'மக்குடொனருடொ' ஆகிறது?

மெக்டொனால்ட்ஸை ஜப்பானியர் 'மக்குடொனருடொ' என்பார்கள். சிரிப்பு வரலாம், ஆனால் சிக்கல் நாக்கில் மட்டுமல்ல, காதிலும்தான். ஜப்பானிய மொழியில் 'ன்' போன்ற சில இடங்கள் நீங்கலாக, மெய்யெழுத்து உயிரின் துணையில்லாமல் வராது. 1999-இல் ஆய்வாளர் இமானுவேல் துப்பூ குழுவினர் 'எப்ஸோ' என்ற பொருளற்ற சொல்லை ஒலிக்கவிட்டார்கள். ஜப்பானியர் பலருக்கு அது 'எபுஸோ' என்றே கேட்டது. இல்லாத 'உ'வை மூளையே நிரப்பிக்கொண்டது! ('ஸ்கூல்' முன்னால் 'இ' சேர்ப்பவர்கள் ரொம்பவும் சிரிக்க வேண்டாம்.)

'மக்குடொனருடொ'வில் 'ல்' 'ரு' ஆவதிலும் காதுக்குப் பங்குண்டு. ஆங்கில 'ல', 'ர' வேறுபாட்டை ஆறேழு மாத ஜப்பானியக் குழந்தை பிரித்தறிகிறது. ஒரு வயதை நெருங்கும்போது, தாய்மொழிக்குத் தேவைப்படாத அந்தத் திறன் மங்கத் தொடங்குகிறது. முறையான கேட்புப் பயிற்சியால் பெரியவர்களும் அதை ஓரளவு மீட்கலாம்.