பெயரில்லாக் குறுவாள்

ஜப்பானில் வாள் ஆர்வலர்கள் கூடும் கூட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. பழைய வாள்களையும் குறுவாள்களையும் மேசைமீது வரிசையாக வைத்து, கைப்பிடிக்குள் செருகப்படும் காம்பை மட்டும் மூடிவிடுவார்கள். கொல்லரின் பெயர் பொறிக்கப்படும் இடம் அதுதான். வந்தவர்கள் ஒவ்வொரு வாளையும் விளக்கொளியில் திருப்பித் திருப்பிப் பார்த்து, அதைச் செய்தவர் யார் என்று தாளில் எழுதித் தர வேண்டும். தேர்ந்தவர்கள் பலமுறை சரியாகவே எழுதிவிடுவார்கள்.

ஆனால், காம்பைத் திறந்து பார்த்தாலும் பெயரே இல்லாத வாள்கள் ஏராளம். நீண்ட வாள்களில் இதற்குக் காரணம் எளிது. பிற்காலத்தில் அவற்றைக் குட்டையாக்கக் காம்பை வெட்டியபோது பெயரும் சேர்ந்து போயிற்று. ‘தான்தோ’ எனப்படும் குறுவாளின் அலகோ பொதுவாக 30 சென்டிமீட்டருக்கும் குறைவு. அதை மேலும் குறைக்க வேண்டிய தேவை அரிது. ஆகவே, கொல்லர் பெயர் பொறிக்காமலே கொடுத்திருக்கலாம். அல்லது யாரோ பொறித்த போலிப் பெயரைப் பின்னொருவர் அராவி நீக்கியிருக்கலாம். அத்தகைய குறுவாள் எக்காலத்தது, எவ்வூரில் பிறந்தது என்பதை எப்படி அறிவது?

முதலில் வடிவத்தைப் பார்ப்பார்கள். காமகுரா காலத்தின் பிற்பகுதியில், அதாவது 1300ஆம் ஆண்டையொட்டிச் செய்யப்பட்ட குறுவாள்கள் பெரும்பாலும் 25 சென்டிமீட்டர் அளவில், நேராகவோ கூர்ப்பக்கம் மிக இலேசாகச் சாய்ந்தோ இருக்கும். 14ஆம் நூற்றாண்டின் நடுவில் அவை அகன்று, நீண்டு, மெலிந்து, சற்றே பின்னோக்கி வளைந்தன. போர்கள் மலிந்த பிற்காலத்திலோ, கவசத்தின் இடுக்கில் குத்துவதற்கென்றே குட்டையான, தடித்த குறுவாள்களும் தோன்றின. எனினும், வடிவத்தை மட்டும் நம்பினால் ஏமாற நேரிடும். 19ஆம் நூற்றாண்டுக் கொல்லர்கள் பழைய வடிவங்களை விரும்பிப் பின்பற்றினார்கள்.

அடுத்தது எஃகு. கொல்லர் எஃகை மடித்து மடித்து அடிப்பதால் அலகின் பரப்பில் மரப்பலகையின் இழை போன்ற கோலம் உண்டாகிறது. இறுதியில் அலகின்மீது களிமண் பூசுவார்கள். முதுகுப்பக்கம் தடிப்பாகவும் கூர்ப்பக்கம் மெல்லியதாகவும் பூசி, சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்ப்பார்கள். கூர்ப்பக்கம் சட்டெனக் குளிர்ந்து கடினமாகும். முதுகுப்பக்கம் மெதுவாகக் குளிர்ந்து, எளிதில் முறியாத தன்மையோடு இருக்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் வெண்மையான ஒரு கோடு தெரியும். அதற்கு ‘ஹாமோன்’ என்று பெயர். அலகை விளக்கை நோக்கிச் சற்றுச் சாய்த்தால்தான் அது தெளிவாகப் புலப்படும்.

இந்த இழையும் கோடும் வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபடும். பழைய ஜப்பானில் யமாஷிரோ, யமாதோ, பிசென், சகாமி, மினோ என ஐந்து பெரும் மரபுகள் இருந்தன. யமாதோ வாளில் நேரிழைகள் ஓடும். பிசென் வாளில் ஹாமோனுக்கு மேலே மூடுபனி போன்ற ஒரு நிழல் படரும். சகாமி வாளில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு எஃகுத் துகள்கள் மின்னும். மினோ வாளின் ஹாமோனில் கூரிய முனைகள் எழும். அந்த மினோ வட்டாரத்துச் செகி நகரம் இன்றும் கத்திக்கும் கத்தரிக்கோலுக்கும் பேர்போனது. கொல்லர்கள் ஊர்விட்டு ஊர் சென்றதால் மரபுகள் கலந்தும் போயின. அதனால்தான் அனுபவமுள்ள மதிப்பீட்டாளர் ஒரே ஓர் அடையாளத்தைக் கண்டு முடிவு சொல்வதில்லை.

பெயரில்லாதது மதிப்பில்லாதது என்று எண்ண வேண்டியதில்லை. சகாமி மரபின் புகழ்பெற்ற கொல்லர் மாசாமுனே பெயர் பொறித்த வாள்கள் மிகச் சிலவே. சமையல் கத்தியைப் போல் அகன்றிருப்பதால் ‘ஹோச்சோ மாசாமுனே’ என்று அழைக்கப்படும் மூன்று குறுவாள்களிலும் பெயர் இல்லை. ஆயினும் மூன்றுமே ஜப்பானின் தேசியப் பொக்கிஷங்கள். வாள்களை மதிப்பிடுவதையே பரம்பரைத் தொழிலாகக் கொண்ட ஹொனாமி குடும்பத்தார், 1719ஆம் ஆண்டில் ஷோகன் யோஷிமுனேவுக்காகச் சிறந்த வாள்களின் பட்டியலைத் தொகுத்தபோது, மாசாமுனே வாள்களுக்கு அதில் பெரிய இடம் அளித்தார்கள்.

புகழ் வந்தால் போலியும் வரும். மாசாமுனேயின் பெயரைப் பொய்யாகப் பொறித்த வாள்கள் எண்ணற்றவை. அந்தப் பொய்யைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் காம்பில் படிந்த துருதான். பல நூற்றாண்டுத் துரு கருமை கலந்த பழுப்பு நிறத்தில் இறுகிப் படிந்திருக்கும். புதுத் துரு செந்நிறமாக இருக்கும். பழைய துருவை வெட்டிக்கொண்டு எழுத்து செல்கிறது என்றால், அந்தப் பெயர் பிற்காலத்தது என்பது வெளிப்படை. காம்பிலுள்ள அரத்தின் தடங்களும் கைப்பிடியைப் பொருத்தும் ஆணித் துளையும்கூடச் செய்தி சொல்லும். துளைகள் ஒன்றுக்கு மேல் இருந்தால், கைப்பிடி ஒருமுறைக்கு மேல் மாற்றப்பட்டிருக்கக்கூடும்.

இந்தச் சான்றுகளைப் பெரும்பாலும் அழிப்பவர் மோசடிக்காரர் அல்லர். தாத்தா விட்டுச்சென்ற குறுவாளை அலமாரியில் கண்டெடுத்து, ‘ஐயோ, இப்படித் துருப்பிடித்துவிட்டதே’ என்று உப்புத்தாளால் தேய்க்கும் நல்லெண்ணக்காரர்தான். அரைமணி நேரத்தில் காம்பு பளபளக்கும். அறுநூறு ஆண்டுச் சாட்சி மேசைமீது தூளாகக் கிடக்கும். ஜப்பானில் அலகைப் பல நாள் தீட்டி மெருகேற்றும் கைவினைஞர்கள், காம்பின் துருவில் மட்டும் கைவைப்பதில்லை.