சுங்கச்சாவடியில் நமது உரிமையும் கடமையும்



பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் பகுதிகளில் வாழும் நாம், வேலூரிலோ ஆம்பூரிலோ நடைபெறும் உறவினர் வீட்டு நிக்காஹ்வுக்குக் காரில் புறப்பட்டால் சுங்கச்சாவடிகளைக் கடந்தே செல்கிறோம். "சாலையில் செல்வதற்கும் பணமா? கட்டாமல் தப்பித்தால் பாவமாகுமா?" என்று சிலர் கேட்கின்றனர். இதனைத் தெளிவாக அறிந்துகொள்வது அவசியமாகும்.

வழிப்போக்கருக்கு இஸ்லாம் பெரும் மதிப்பளிக்கிறது. ஸக்காத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினருள் அவரும் ஒருவர். பிரயாணிகளிடமும் வணிகர்களிடமும் அநியாயமாகப் பிடுங்கப்பட்ட 'மக்ஸ்' எனும் வரியை நபிமொழிகள் வன்மையாகக் கண்டிக்கின்றன. நம் மண்ணிலும் முதலாம் குலோத்துங்கன் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்றே புகழப்பட்டான்.

ஆனால் இன்றைய தேசிய நெடுஞ்சாலைக் கட்டணம், 2008ஆம் ஆண்டின் விதிகளின்படி, சாலையைப் பயன்படுத்துவதற்காக வசூலிக்கப்படுவது. அது வாடகைக்கு ஒப்பானது. அச்சாலையில் வாகனத்தைச் செலுத்துபவர் அந்த ஒப்பந்தத்திற்கு உடன்பட்டவராகிறார். ஒப்பந்தத்தை நிறைவேற்றுவது மார்க்கக் கடமையாகும்.

அதேவேளையில், நமது உரிமைகளையும் அறிந்திருக்க வேண்டும்.

இருசக்கர வாகனங்களுக்குக் கட்டணமில்லை. ஆம்புலன்ஸுக்கும், மஹல்லாவின் ஜனாஸா வாகனத்திற்கும் விலக்கு உண்டு. 24 மணி நேரத்திற்குள் திரும்பினால், இருவழிக்கும் சேர்த்து ஒருவழிக் கட்டணத்தின் ஒன்றரை மடங்கே செலுத்த வேண்டும். சாவடியிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் வசிப்போர், சொந்தக் காருக்கு மாதாந்திரச் சலுகை அட்டை பெறலாம். ஆனால் மாற்றுப்பாதை இருந்தால் அது வழங்கப்படமாட்டாது. ஃபாஸ்டேக்கில் போதிய பணமிருந்தும் சாவடியின் கருவி பழுதானால், கட்டணமின்றிச் செல்ல விதி அனுமதிக்கிறது.

சொந்தக் கார்களுக்கு 2025 ஆகஸ்ட் 15 அன்று 3,000 ரூபாய்க்கு ஆண்டு அட்டை அறிமுகமானது. ஓராண்டு அல்லது 200 முறை கடப்பது, இவற்றுள் எது முந்துகிறதோ அதுவரை அது செல்லும். வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை மாநில அரசுடையது. ஆகவே அங்கு அந்த அட்டை செல்லாது.

சென்னைப் புறவழிச்சாலையில் வானகரம், சூரப்பட்டு என அருகருகே இரு சாவடிகள் இருப்பது குறித்து மக்களுக்கு மனக்குறை உண்டு. ஒரே திசையில் இரு சாவடிகளுக்கிடையே 60 கிலோமீட்டர் இருக்க வேண்டுமென்பது பொது விதி. எனினும் அதற்கு விலக்குகளும் உள்ளன. இவ்விரண்டையும் அகற்றுமாறு 2021இல் தமிழக அரசே வலியுறுத்தியது. இவ்வாறு முறைப்படி குரல் எழுப்புவது நம் உரிமை.

ஆனால் பிறருடைய சலுகை அட்டையைக் காட்டுவதும், முகவரியை மாற்றிச் சொல்வதும் பொய்யாகும். கூண்டில் அமர்ந்திருக்கும் ஊழியரை ஏசுவது அநீதியாகும். கட்டணத்தை நிர்ணயித்தவர் அவரல்லர். சில நூறு ரூபாய்க்காகப் பின்னிருக்கையில் அமர்ந்திருக்கும் நம் பிள்ளைகளுக்குப் பொய்யைக் கற்றுக்கொடுக்கலாமா? சிந்தியுங்கள்!

உரிமையை நேர்வழியில் பெற்று, கடமையை முழுமையாகச் செலுத்தும் நன்மக்களாக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.