ப்ளஸ் டூ ஜியாகிரஃபி: அந்த 30 மார்க்ல என்ன இருக்கு?

ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. அவங்க தங்கச்சி பத்தாவது முடிச்சிட்டு, ப்ளஸ் ஒன்ல ஹிஸ்டரி, ஜியாகிரஃபி, எகனாமிக்ஸ் இருக்கிற குரூப் கேட்கிறாளாம். வீட்ல வழக்கமான பதில்தான்: "அது மார்க் வராதவங்க எடுக்கிற குரூப்." அப்படி அந்த ஜியாகிரஃபில என்னதான் இருக்கு, கொஞ்சம் சொல்லுங்கன்னு கேட்டிருந்தாங்க. நான் படிச்சது கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப், அப்புறம் இன்ஜினியரிங். ஆனா இப்ப வேலையில மேப் டேட்டாவோட தினமும் மல்லுக்கட்டறேன். அதனால இதுல எனக்கு ஒரு அபிப்ராயம் உண்டு.

நம்ம ஸ்டேட் போர்டுல ஜியாகிரஃபி ஒரு செய்முறைப் பாடம். இது நிறைய பேருக்குத் தெரியாது. எழுத்துத் தேர்வு 70 மார்க். மீதி 30, செய்முறையும் அகமதிப்பீடும். வீட்ல இருக்கிறவங்க மனசுல ஜியாகிரஃபின்னா பத்தாவது வரைக்கும் படிச்ச அதே "ஆறுகள், மண்வகைகள், கனிமங்கள் எங்கே கிடைக்கும்" பட்டியல்தான். ப்ளஸ் ஒன்ல கதை வேற. அங்க மேப்போட அளவை, ப்ரொஜெக்‌ஷன், சம உயரக்கோடு, வானிலை மேப்னு ஆரம்பிக்கும். என் கணக்குல பாடத்தோட உயிர் அந்த 30 மார்க்லதான் இருக்கு.

ஒரு உதாரணம் எடுத்துப்போம். சர்வே ஆஃப் இந்தியா போடற டோப்போஷீட். அதோட பழைய எண் முறையே ஒரு ஃபோல்டர் பாத் மாதிரி. நாட்டை 4 டிகிரிக்கு 4 டிகிரி கட்டமா வெட்டி ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர். சென்னை இருக்கிற கட்டம் 66. அதை ஏ-ல இருந்து பி வரைக்கும், அதாவது ஆங்கில எழுத்து வரிசையில 16 துண்டா வெட்டினா ஒவ்வொண்ணும் 1 டிகிரி. அதை மறுபடி 16 துண்டாக்கினா ஒவ்வொண்ணும் 15 நிமிஷம், தரையில சுமார் 27 கிலோமீட்டர். வேளச்சேரி, பள்ளிக்கரணை, மேடவாக்கம் எல்லாம் வர்ற ஷீட் 66 டி/1. அளவை 1:50,000, அதாவது மேப்ல 1 சென்டிமீட்டர்னா தரையில 500 மீட்டர்.

இப்ப சம உயரக்கோடு. ஒரே உயரத்துல இருக்கிற இடங்களை இணைக்கிற கோடு. இந்த அளவையில பொதுவா 20 மீட்டருக்கு ஒரு கோடு. கோடுகள் நெருக்கமா இருந்தா செங்குத்தான சரிவு, விலகி இருந்தா மெதுவான சரிவு. ஒரு சென்டிமீட்டருக்குள்ள நாலு கோட்டு இடைவெளி இருக்குன்னா, 500 மீட்டர் நடக்கிறதுக்குள்ள 80 மீட்டர் ஏறணும். நூத்துக்கு பதினாறு. சைக்கிள் மிதிக்கிறவங்களுக்கு அது என்னன்னு தெரியும்!

ஆனா 66 டி/1-ல பல்லாவரம், பெரும்பாக்கம் மாதிரி சில குன்றுகளை விட்டா, நடுவுல கோடே கிட்டத்தட்ட இருக்காது. மொத்த நிலமும் அவ்வளவு தட்டை. அப்ப தண்ணி எந்தப் பக்கம் ஓடும்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? மேப் படிக்கத் தெரிஞ்ச ப்ளஸ் டூ பொண்ணு ஏரியைப் பார்ப்பா. நம்ம ஊர் ஏரிக்குச் சுத்திலும் கரை கிடையாது. தாழ்வான பக்கம் மட்டும்தான் கரை கட்டுவாங்க, மேட்டுப் பக்கம் தண்ணி வந்து சேர்றதுக்குத் திறந்தே இருக்கும். மேப்ல கரை எந்தப் பக்கம் இருக்குன்னு பார்த்தா சரிவு எந்தப் பக்கம்னு தெரிஞ்சிடும். சென்னையைச் சுத்தி நிலம் கடலைப் பார்த்துச் சாய்றதால, பல ஏரிகளுக்குக் கரை கிழக்குப் பக்கம்தான். சம உயரக்கோடு சொல்லாததை, அந்தக் காலத்துல ஏரி வெட்டினவங்க சொல்லி வச்சிட்டுப் போயிருக்காங்க.

அடுத்த படி, ஏரிகளைச் சங்கிலியா கோக்கிறது. கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினா கலங்கல் வழியா நாராயணபுரம் ஏரிக்கு. அங்கிருந்து பள்ளிக்கரணை சதுப்பு நிலம். சதுப்புல இருந்து ஒக்கியம் மடுவு வழியா பக்கிங்ஹாம் கால்வாய், கோவளம் பக்கம் போய்க் கடல். பழைய ஷீட்டையும் இன்னைக்கு சாட்டிலைட் படத்தையும் பக்கத்துல பக்கத்துல வைங்க. சதுப்பா இருந்த இடத்துல இப்ப என்ன கட்டடம் நிக்குதுன்னு பாருங்க. 2015 டிசம்பர்லயும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்லயும் ஏன் திரும்பத் திரும்ப அதே பகுதிகள்ல படகு விட வேண்டி வந்ததுன்னு யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டாம். பில்டரோட ப்ரோஷர்ல "லேக் வியூ"ன்னு இருக்கும். அந்த லேக் எந்தப் பக்கம் வழியும்னு இருக்காது. 70 லட்சம் லோன் போடறதுக்கு முன்னாடி அதைப் படிக்கத் தெரிஞ்ச ஒரு ஆள் வீட்ல இருந்தா நல்லதுதானே?

ஒரு குட்டித் தகவல். இந்தியாவை முக்கோணம் முக்கோணமா அளந்த அந்தப் பெரிய சர்வேக்கு 1802-ல வில்லியம் லாம்ப்டன் முதல் அடிக்கோடு போட்டது இதே ஏரியாவுலதான். பரங்கிமலையில இருந்து பெரும்பாக்கம் குன்று வரைக்கும், சுமார் 12 கிலோமீட்டர், சங்கிலி போட்டு அளந்தாங்க. ஓஎம்ஆர் ஐடி மக்கள் தினமும் அதுக்குப் பக்கத்துலதான் டிராஃபிக்ல நிக்கிறோம்.

ப்ரொஜெக்‌ஷன் பத்தியும் ஒரு வார்த்தை. உருண்டையைத் தட்டைத் தாள்ல விரிச்சா எதாவது ஒண்ணு கெடும்: பரப்பளவு, வடிவம், தூரம். போன்ல பார்க்கிற மேப் பெரும்பாலும் மெர்கேட்டர் வகை. அதுல கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் கிட்டத்தட்ட ஒரே சைஸ் மாதிரி தெரியும். நிஜத்துல ஆப்பிரிக்கா 14 மடங்கு பெருசு. மேப் ஆப் எழுதறவங்க லேட்டிட்யூட், லாங்கிட்யூடை மாத்திப் போடறது ரொம்ப சகஜம். சென்னையோட 13, 80-ஐத் திருப்பிப் போட்டா உங்க பிரியாணி ஆர்டர் ஸ்வால்பார்டுக்கு வடக்கே ஆர்க்டிக் கடல்ல போய் இறங்கும். ப்ளஸ் ஒன்ல அட்சக்கோடு, தீர்க்கக்கோடு வரைஞ்சு பழகின ஆளுக்கு இதைப் பார்த்ததும் உறுத்தும்.

தியரி பக்கம் நிலத்தோற்றம், காலநிலை, மக்கள்தொகை, வளங்கள்னு நிறைய இருக்கு. மனப்பாடம் பண்ணலாம், மார்க்கும் வரும். ஆனா "வடகிழக்குப் பருவமழை என்றால் என்ன"ங்கிறதை ரெண்டு மார்க்குக்கு உருப்போடறதும், தென்மேற்குக் காற்று மேற்குத்தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கமே மழையைக் கொட்டிட்டு வறண்டு வருது, அக்டோபருக்கு மேல காற்று திரும்பி வங்கக்கடல் ஈரத்தை நம்ம பக்கம் கொண்டுவருதுன்னு ஒரு படம் வரைஞ்சு சொல்றதும் வேற வேற. ரெண்டாவது வகையில படிச்சா, தெரியாத கேள்வி வந்தாலும் யோசிச்சு எழுதலாம். அதே மாதிரி, சீனியரோட ரெக்கார்ட் நோட்டைப் பார்த்து அப்படியே வரைஞ்சு கையெழுத்து வாங்கிட்டா, 30 மார்க் வரும். மேப் படிக்க வராது.

சரி, தங்கச்சி விஷயத்துக்கு வர்றேன். சேர்றதுக்கு முன்னாடி ஒண்ணு தெரிஞ்சிருக்கணும். கிண்டி இன்ஜினியரிங் காலேஜ்ல ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ்னு ஒரு பி.இ. இருக்கு. மேப், சாட்டிலைட், ஜிஐஎஸ் எல்லாம்தான் படிப்பே. ஆனா அதுக்குள்ள போக மேத்ஸ், ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி வேணும். ரெண்டு வருஷம் மேப்பையே படிச்ச பொண்ணுக்கு அந்தக் கதவு மூடியிருக்கும், டோப்போஷீட்டைத் தொட்டே பார்க்காத பையனுக்குத் திறந்திருக்கும். எனக்கு இது நியாயமாப் படல. ஆனா ரூல் அதுதான். அந்த பி.இ.தான் ஆசைன்னா சயின்ஸ் குரூப்பே எடுக்கட்டும். இல்லைன்னா மாநிலக் கல்லூரி, ராணி மேரிக் கல்லூரி மாதிரி இடங்கள்ல ஜியாகிரஃபி டிகிரி இருக்கு, அதுக்கு மேல ஜிஐஎஸ் பக்கம் போகலாம். 2021-ல மத்திய அரசு மேப் விதிகளைத் தளர்த்தினதுக்கு அப்புறம் இந்தியக் கம்பெனிகள் முன் அனுமதி இல்லாமலே மேப் டேட்டா சேகரிக்கலாம். அந்த டேட்டாவைப் பார்த்ததும் தப்பு எங்கன்னு சொல்ற ஆள் வேணும். சிவில் சர்வீஸ் எழுதறவங்களுக்கு இந்தப் பாடம் எவ்வளவு உதவும்னு வீட்லயே யாராவது சொல்லியிருப்பாங்க, நான் விடறேன்.

ஸ்கூல்ல கேட்க வேண்டிய கேள்வி ரெண்டே ரெண்டு: ஜியாகிரஃபிக்குன்னு தனி டீச்சர் இருக்காங்களா? பசங்க கையில டோப்போஷீட் கொடுத்துச் செய்முறை நடத்தறீங்களா? ரெண்டாவதுக்கு மழுப்பினா, சர்வே ஆஃப் இந்தியா தளத்துல ஷீட்டை நீங்களே இலவசமா எடுத்துக்கலாம். புது சீரிஸ்ல எண் முறை வேற, நான் சொன்ன 66 டி/1-ஐ அங்க தேடிக் குழம்பாதீங்க. உங்க ஊர் ஷீட்டை எடுத்து, உங்க தெருவுக்கு மேல எந்த ஏரி இருக்குன்னு முதல்ல பாருங்க. அடுத்த எபிசோட்ல வானிலை மேப். வர்றேன் மக்களே.