பூனைக்கு ஆகாத மாத்திரை

நாய், பூனை ஆகிய பிராணிகளின் தேக உஷ்ணம் இயல்பிலேயே நம்முடையதைக் காட்டிலும் அதிகமாக, ஏறத்தாழ 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரையில் இருப்பதால், தொட்டதும் சுடுகிறதே என்று கலங்கி, ஜுரமென்று நிச்சயித்து, வீட்டிலுள்ள பாராசிட்டமால் மாத்திரையைப் பாலில் கரைத்துப் புகட்டிவிடும் வழக்கம், அன்பினால் விளைவதேயாயினும், பூனையின் விஷயத்தில் பிராணாபாயமாக முடியக்கூடும். அம்மருந்தை முறித்து வெளியேற்றுவதற்குரிய நொதி பூனையின் கல்லீரலில் போதிய அளவு இல்லாமையால், அது தேகத்திலேயே தங்கிச் சிவப்பணுக்களைக் கெடுக்க, இளஞ்சிவப்பாயிருந்த ஈறுகள் சில மணி நேரத்தில் பழுப்பேறி நீலம் பாரிக்கின்றன, முகமும் பாதங்களும் வீங்குகின்றன, மூச்சு இரைக்கிறது. ஒரே மாத்திரை போதும். நாய்க்கும் இதை நாமாகக் கொடுப்பது தகாது.

ஜுரமோ என்று ஐயம் எழுந்தால் கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள்; கால்நடை மருந்தகம் ஆடு மாடுகளுக்கு மட்டுமே என்று எண்ண வேண்டாம். 1903-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த மருத்துவமனையிலும், பல ஊர்களிலுள்ள அரசாங்க மருந்தகங்களிலும் நாய் பூனைகளுக்கும் சிகிச்சை உண்டு. அறியாமல் மாத்திரை கொடுத்துவிட்டால், அறிகுறி தோன்றட்டும் என்று காத்திராமல், மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே வைத்தியரிடம் செல்லுங்கள். இந்த விஷத்தை முறிக்கும் மருந்து இருக்கிறது.