காடியில் ஒட்டிய தாரும் டயர்க் கறையும்

தோட்டத்துப் பிள்ளைகளாகிய நமக்கு ரப்பர் கறையைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. விடியுமுன் பால் வெட்டப் போன என் தாயாரின் சட்டையில் பால் பட்டுக் கறுத்துக் கிடக்கும். மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்தால் பாதி போகும். மீதி அந்தச் சட்டை கிழியும் வரை கூடவே இருக்கும். ஆனால் காடியில் ஒட்டுகிற ரப்பர் வேறு ரகம் என்பதைச் சென்ற பள்ளி விடுமுறையில்தான் கண்டேன்.

என் அக்காள் மகன், தன் தகப்பனார் கல்யாணத்திற்கு வெளியூர் போயிருந்த நேரம் பார்த்து, அவருடைய வெள்ளைக் காடியைச் சிப்பாங் பந்தயத் தடத்திற்கு ஓட்டிப் போய்விட்டான். 1999 முதல் 2017 வரை ஃபார்முலா 1 பந்தயம் நடந்த அதே தடம். ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர். கட்டணம் செலுத்திச் சொந்தக் காடியை அங்கே ஓட்டிப் பார்க்க ஏற்பாடு உண்டு. அதைக் குறை சொல்லமாட்டேன். நள்ளிரவில் நெடுஞ்சாலையில் பந்தயம் விடுவதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் அந்தக் காடி, அத்தான் தம் சேமநிதிப் பணத்தில் வாங்கியது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போனதுதான் வினை.

மறுநாள் காலை என் வீட்டு வாசலில் காடி நின்றது. சக்கரங்களுக்குப் பின்னால், கதவின் அடிப்பகுதியில், பின்பக்க பம்பரில் எங்கும் கரும்புள்ளிகள், கோடுகள். பையன் கையில் தின்னர் நனைத்த துணி. இடப்பக்கக் கதவில் உள்ளங்கை அகலத்திற்குப் பளபளப்பே இல்லை. அது முன்பு இடிபட்டுப் பட்டறையில் மறுபடி சாயம் அடித்த கதவு. அப்படிப்பட்ட சாயத்தைத் தின்னர் எளிதில் கரைத்துவிடும். அது போதாதென்று, “கொஞ்சம் பெட்ரோல் ஊற்றித் தேய்க்கட்டுமா மாமா?” என்கிறான். பத்தடி தூரத்தில் சமையலறை அடுப்பு எரிகிறது!

அன்பர்களே, பெட்ரோல் உறைபனிக் குளிரிலும் தீப்பற்றும் ஆவியை விடும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போய் நெருப்பைத் தேடும். மண்ணெண்ணெய் ஏறக்குறைய 38 பாகை செல்சியஸுக்கு மேல் சூடானால்தான் அப்படிப் பற்றும். ஆனால் நம் ஊர் வெயிலில் நிற்கும் காடியின் தகடு அந்தச் சூட்டை எளிதில் தாண்டிவிடும். ஆகவே நிழலில், தகடு கைக்குக் குளிர்ந்த பிறகு, அடுப்பும் சிகரெட்டும் இல்லாத இடத்தில்தான் இந்த வேலை.

முதலில் தாராளமாகத் தண்ணீர் விட்டு மண்ணை நீக்கிச் சவர்க்கார நீரால் கழுவினோம். மண்ணோடு தேய்த்தால் சாயத்தில் கீறல் விழும். பிறகு பழைய பனியன் துணியில் மண்ணெண்ணெய் நனைத்து, முதலில் கதவின் உள்விளிம்பில் தொட்டுப் பார்த்தோம். சாயம் துணியில் ஏறவில்லை. அதன்பின் கறைமேல் துணியை இரண்டு நிமிடம் அப்படியே பிடித்திருந்தோம். பழுப்பு நிறமாகக் கரைந்து வருவது தார். புதிதாகச் செப்பனிட்ட சாலையில் ஓடும்போது தெறிப்பது அது. ஒரே துடைப்பு, உடனே துணியைத் திருப்பி மடிக்க வேண்டும். இல்லையேல் அதே தாரைக் காடி முழுவதும் பூசிவிடுவோம்.

டயர் ரப்பர் அப்படிக் கரைவதில்லை. மங்கில் எடுக்கும் பாலுக்கும் அதற்கும் இடையே கந்தகமும் கரித்தூளும் வெப்பமும் புகுந்துவிட்டன. கந்தகத்தோடு சூடேற்றினால் ரப்பர் பதப்படும் என்று சார்ல்ஸ் குட்இயர் 1839-இல் கண்டறிந்தார். அவ்வாறு பதப்பட்ட ரப்பரை மண்ணெண்ணெய் ஊறவைத்துப் பருக்கச் செய்யுமே தவிர கரைக்காது. எனவே முரட்டுத்தனம் பலிக்காது. ஊறவிட்டு, துணி சுற்றிய விரல் நகத்தால் மெல்லத் தள்ளினால் சுருள் சுருளாக உரிந்து வருகிறது. பால் மரத்து வீட்டுப் பேரன் இதை அறியாமல் பாத்திரம் துலக்கும் இரும்பு நாரைத் தேடினானே!

பிடிவாதமான கோடுகளுக்குக் காடிச் சாமான் கடையில் விற்கும் களிமண் கட்டியைச் சவர்க்கார நீரோடு இலேசாக உருட்டினோம். அது தரையில் விழுந்தால் எறிந்துவிடுங்கள். ஒட்டிய மணல் கண்ணுக்குத் தெரியாமல் கீறும். விளக்குக் கண்ணாடி என்று நாம் சொல்வது இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக். அங்கும், கறுப்பு பிளாஸ்டிக் பட்டைகளிலும் சவர்க்கார நீர் மட்டும் போதும். பிரேக் தட்டில் ஒரு சொட்டு மண்ணெண்ணெயும் படக்கூடாது. கடைசியில் எண்ணெய்ப் பிசுக்கு போக மறுபடி கழுவி, மெழுகு பூசினோம். பழைய மெழுகை மண்ணெண்ணெய் தின்றுவிட்டிருக்கும்.

மாலை ஐந்து மணிக்கு அத்தான் வந்தார். காடியை ஒரு சுற்றுச் சுற்றினார். “என்னடா இது, மண்ணெண்ணெய் வாடை அடிக்குது?” என்று கேட்டுக்கொண்டே இடப்பக்கக் கதவருகில் நின்றார். நான் பயிற்சிப் புத்தகங்களைத் திருத்த உள்ளே போய்விட்டேன்.