மண்ணும் பிரதியும்: செம்பரம்பாக்கத்திலிருந்து ஒரு குறிப்பு

பாறை அடுக்கு, வெடித்த வயல், அரிப்புண்ட குன்று இவற்றைச் சுட்ட மண்ணில் வடிக்கும் சிற்பங்களைக் காட்சிக்கூடங்களில் பார்க்கிறோம். 'நிலத்தால் தூண்டப்பட்டவை' என்பதோடு விமர்சனம் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. எந்த நிலம், யார் எடுத்த மண் என்ற கேள்வி அபூர்வமாகவே எழுகிறது.

செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் நின்று யோசித்தால் இக்கேள்வியைத் தவிர்க்க முடியவில்லை. கிழக்கே பல்லாவரம் குன்றுகள். அந்தப் பாறைக்கு 1893இல் ஹாலந்து வைத்த பெயர் சார்னோக்கைட். கல்கத்தாவில் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னக்கின் கல்லறைக் கல் இந்த வகை. அதனால் அவர் பெயர். நம்மூர்க் கல், அடையாளம் மட்டும் கம்பெனிக்காரனுடையது! மேற்கே ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியில் 10 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய களிப்பாறை, இலைகளின் பதிவோடு கிடக்கிறது. களிமண்ணில் இலையை அழுத்தி எடுப்பதைச் சிற்பி புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை.

பாறையிலுள்ள ஃபெல்ஸ்பார் மழையிலும் காற்றிலும் சிதைந்துதான் களிமண் ஆகிறது. சூளை அதைத் திரும்பக் கல்லாக்கப் பார்க்கிறது. 500, 600 டிகிரியில் களியோடு பிணைந்திருந்த நீர் வெளியேறும். அப்புறம் எத்தனை நாள் ஊறப்போட்டாலும் அது களியாகாது. 1200 டிகிரிக்கு மேல் அதற்கேற்ற களி பாதி கண்ணாடியாகி இறுகும். இரும்பு மிகுந்த ஏரிக்களியோ அந்தச் சூட்டில் இளகிச் சரிந்துவிடும். ஆகவே குயவர் 1000 டிகிரிக்குக் கீழே நிறுத்துவது திறமைக்குறைவல்ல, மண்ணை அறிந்த அறிவு. உயர்சூட்டு வேலையைக் 'கலை' என்றும் அய்யனார் குதிரையைக் 'கைத்தொழில்' என்றும் பிரிப்பது வெப்பமானியல்ல, சாதியும் வர்க்கமும்தான் என்பேன்.

விதிவிலக்குகள் உண்டு. டெபோரா ஸ்மித்தும் ரே மீக்கரும் 1971இல் பாண்டிச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். பின்னர் மீக்கர் பச்சை மண்கல்லால் வீடு கட்டி, உள்ளே செங்கல்லும் பாண்டமும் அடுக்கி, வீட்டையே சூளையாக்கிச் சுட்டார். அங்கே மண் நிலத்தைப் 'பிரதிபலிக்க'வில்லை. நிலமே வீடாக எழுந்தது.

இங்கே ஏரியைச் சுற்றி இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் தொழிற்பேட்டைகள். 1998இல் கார் உற்பத்தி தொடங்கியது. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போதுதான் நகரத்துக்கு இந்த ஏரியின் ஞாபகம் வந்தது. 2017இல் மண்பாண்டத் தொழிலாளர் ஏரி மண்ணைக் கட்டணமின்றி எடுக்க அரசு விதியைத் தளர்த்தியது. ஆனாலும் அனுமதிச்சீட்டு வேண்டும். குன்றத்தூர்ப் பக்கம் ஒரு குயவர் என்னிடம் சொன்னார்: "மண்ணு அப்படியேதான் சார் இருக்கு. ஏரிக்குப் போற வழிதான் இல்ல."

நிலத்தைப் பற்றிய சிற்பம் பேச வேண்டியது அந்த வழியைப் பற்றியும்தான்.