நடுகல்லின் ஏழாம் துறை

போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல் நடும் முறையைத் தொல்காப்பியப் புறத்திணையியல் ஆறு துறைகளாக வகுத்துரைக்கிறது. தக்க கல்லைத் தேடிக் காண்பது காட்சி. அதனைக் கொள்வது கால்கோள். நீராட்டித் தூய்மை செய்வது நீர்ப்படை. நிலத்தில் நாட்டுவது நடுகல். படையலிட்டுச் சிறப்புச் செய்வது பெரும்படை. புகழ்ந்து பரவுவது வாழ்த்து. உரையாசிரியர்களிடையே விளக்கத்தில் சிற்சில வேறுபாடுகள் உண்டெனினும், ஆறு துறைகளும் கல்லை எழுப்பிச் சிறப்பித்தலையே பேசுகின்றன என்பதில் ஐயமில்லை. எழுப்பிய கல்லை ஆண்டுகள் பல கடந்தும் பேணுவோர் யார், அதற்குரிய பொருள் எங்கிருந்து வரும் என்னும் வினாக்களுக்கு விடையாகத் தனித்துறை ஒன்று வகுக்கப்படவில்லை.

பேணாத கல் என்னவாகும் என்பதைச் சங்கப் புலவர்கள் கண்ணாரக் கண்டிருக்கிறார்கள். மறவர் தம் அம்புகளைத் தீட்டித் தீட்டி இடை மெலிந்துபோன நடுகல் ஒன்றை அகநானூறு (297) காட்டுகிறது. கூரிய உளியால் பொறித்த எழுத்தின் கோடுகள் மறைந்துவிட, வழிப்போக்கர் அதனைப் பிழைபடப் படித்துச் செல்வதைப் பிறிதொரு பாடல் (343) கூறுகிறது. வீரனின் கல் தீட்டுகல்லாகிறது; அவன் பெயர் வேறொருவன் பெயராகிறது. கல் அங்கேயேதான் நிற்கிறது. நினைவு மட்டும் போய்விடுகிறது. ஆகவே காத்தல் என்பதனை நடுகல்லின் ஏழாம் துறையாகக் கொள்ளலாம் என்பது எம் கருத்து. இசைவாணர் நினைவிடங்கள் சிலவற்றைச் சான்றாகக் கொண்டு இக்கருத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொல்லிமலையில் எழுந்த வினா

சில ஆண்டுகளுக்கு முன் மாணவர்களுடன் கொல்லிமலைக்குச் சென்றிருந்தோம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறினால் செம்மேடு என்னும் ஊர் வருகிறது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரியின் சிலை அங்கு நிற்கிறது. ஆடி மாதத்தில் அவனுக்கு அரசு விழாவும் நடைபெறுகிறது. அச்சிலையின் முன் நின்று, புறநானூற்றில் (152) வன்பரணர் பாடிய காட்சியை மாணவர்களுக்கு எடுத்துரைத்தேன். யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்னும் ஐந்தையும் ஒரே அம்பால் வீழ்த்திய வேட்டுவனைப் பாணர் குழு ஒன்று காட்டில் காண்கிறது. அவன் இன்னான் என அறியாமலே அவர்கள் தம் கருவிகளை இசைத்துப் பாடுகின்றனர். தன் பெயரைக் கேட்ட அவன் நாணுகிறான். பின்னர் அவர்களுக்கு ஊனும் தேறலும் அளித்து, தன் மலையிற் பிறந்த பொன்னையும் மணியையும் வாரி வழங்குகிறான். அடுத்த பாடலோ (153), அவனிடம் பெற்ற பரிசிலால் நிறைவுற்ற பாணர் ஆடலையும் பாடலையுமே மறந்தனர் என்கிறது.

கேட்டுக்கொண்டிருந்த மாணவி ஒருவர், “ஓரிக்குச் சிலை இருக்கிறது. அவனைப் பாடியவர்களுக்கு என்ன இருக்கிறது, ஐயா?” என வினவினார். அவ்வினாவுக்கு அன்று நான் அளித்த விடை எனக்கே நிறைவு தரவில்லை. ‘கொல்லி’ என்பது தேவாரப் பண்களுள் ஒன்றின் பெயர். அப்பண் இன்று நவரோசு இராகத்தில் ஓதப்படுகிறது. பண் வாழும்வரை பாணர் வாழ்வர் என்று கூறி வைத்தேன். அழகிய விடைதான். ஆயினும் அது வினாவைத் தட்டிக் கழித்த விடை.

எண்ணிப் பார்த்தால், நடுகற்களை மதித்துப் போற்றியவர்களுள் பாணரும் கூத்தரும் முதன்மையானவர்கள். வழியில் எதிர்ப்படும் கற்களை இசையால் வழிபட்டுச் செல்லுமாறு மலைபடுகடாம் கூத்தரை அறிவுறுத்துகிறது. பிறருடைய கல்லுக்கு யாழ் மீட்டியவனுக்குத் தனக்கென ஒரு கல் எளிதில் வாய்ப்பதில்லை. வாய்த்தாலும் அதனைக் காப்பார் இலர். அரசனுக்குக் குடி உண்டு; வீரனுக்கு ஊர் உண்டு; இசைவாணனுக்கு உள்ளவர் கேட்போர் மட்டுமே. கேட்போர் ஓரிடத்தில் வாழ்வதில்லை. அவர்களை ஒன்றுதிரட்டக் குருதியுறவும் இல்லை. அவர்களாகவே முன்வந்து பொறுப்பேற்றாலன்றி அந்நினைவிடம் நிலைக்காது.

சமயப் பெருந்தலமோ அரசோ துணை நிற்கும் இடங்களில் இச்சிக்கல் பெரிதாகத் தோன்றுவதில்லை. அக்பர் அவையை அணிசெய்த தான்சேனின் அடக்கத்தலம், குவாலியரில் சூஃபி ஞானி முகம்மது கௌஸ் அவர்களின் பெருங்கல்லறைக்கு அருகில் அமைந்துள்ளது. அங்குள்ள புளியமரத்தின் இலையை மென்றால் குரல் இனிமை பெறும் என்னும் நம்பிக்கையால் பாடகர்கள் இன்றும் அதனை நாடுகின்றனர். ஆண்டுதோறும் அங்கு இசைவிழாவும் நிகழ்கிறது. ஆனால் எல்லா இசைவாணர்க்கும் இத்தகைய நிழல் கிடைப்பதில்லை. நிழல் கிடைக்காத இரண்டு இடங்களை இனிக் காண்போம்.

காவிரிக்கரைச் சமாதி

தியாகராசர் 1847 சனவரியில் திருவையாற்றில் மறைந்தார். இறுதி நாட்களில் துறவு பூண்டிருந்தமையால் அவருடல் காவிரிக்கரையில் அடக்கம் செய்யப்பட்டது. மாணவர்கள் பல ஊர்களுக்குப் பரவிச் சென்றனர். அவருடைய பாடல்களும் அவர்களுடன் சென்றன. சமாதியோ கேட்பாரற்றுக் கிடந்தது. 1903ஆம் ஆண்டு அவருடைய மாணவர்களான உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் அதனைக் கண்டறிந்து திருப்பணி செய்தனர். அடுத்த சில ஆண்டுகளில் ஆராதனை விழா விரிவடைந்தது. விரைவிலேயே நடத்துவோரிடையே பிணக்கு மூண்டு, ‘பெரிய கட்சி’, ‘சின்னக் கட்சி’ என இரண்டாகப் பிரிந்து தனித்தனியே விழா எடுக்கலாயினர்.

இங்கே நாம் ஊன்றி நோக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. விழா ஒன்றுக்கு இரண்டாக நடந்தபோதிலும் சமாதி மீண்டும் சீர்கெட்டது. 1921ஆம் ஆண்டு அதனைக் கண்டு வருந்திய மைசூர் வித்துவான் பிடாரம் கிருஷ்ணப்பா, தம் மாணவியான பெங்களூர் நாகரத்தினம்மாவுக்கு மடல் எழுதினார். திருப்பணி நிகழ்ந்து இருபது ஆண்டுகள்கூட அப்போது நிறையவில்லை. விழா எடுப்பது வேறு, இடத்தைக் காப்பது வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

நாகரத்தினம்மா (1878–1952) தேவதாசி மரபில் தோன்றியவர். சென்னையில் பெரும்புகழ் பெற்றிருந்த பாடகி. மடல் கண்டதும் அவர் முதலில் செய்தது, சமாதி இருந்த நிலத்தை உரிமையாகப் பெற முனைந்ததாகும். பின்னர், பாடி ஈட்டிய பொருளையும் அணிகலன்களையும் அப்பணிக்கே ஆக்கினார். கதாகாலட்சேபம் செய்தும் நிதி திரட்டினார். 1921இல் அடிக்கல் நாட்டப்பட்டது; சில ஆண்டுகளில் கோயில் எழுந்து குடமுழுக்கும் நிகழ்ந்தது.

ஆயினும் அக்கோயிலின் முன் நடந்த ஆராதனையில் பெண்கள் பாட அன்றைய கட்சிகள் இடமளிக்கவில்லை. கோயிலைக் கட்டியவருக்கே அங்குப் பாட உரிமை இல்லை! அவர் சினந்து பணியைக் கைவிடவில்லை. 1927 முதல் பெண்களைக் கொண்டே தனி வழிபாடு நடத்தினார். மூன்று அணிகளும் 1940ஆம் ஆண்டை ஒட்டி ஒன்றிணைந்தன, தியாகப்பிரம்ம மகோற்சவ சபை உருவாயிற்று, பெண்களும் பாடினர். நாகரத்தினம்மா தம் உடைமைகளை உயில்வழி அத்தலத்தின் வழிபாட்டுக்கே உரியதாக்கினார். அவருடைய சமாதியும் இன்று தியாகராசர் சமாதியை நோக்கியவாறு அமைந்திருக்கிறது. ஆராதனையில் இசைவாணர்கள் ஊதியம் பெறாது பாடும் மரபும் தொடர்கிறது.

இலண்டன் சாலையோர மரம்

இரண்டாவது சான்று மேலை நாட்டைச் சார்ந்தது. அங்குத் தனியொருவரின் செல்வத்தைக் காட்டிலும் இரசிகர் குழுவின் உழைப்பே நினைவிடத்தைக் காத்தது. ‘டி. ரெக்ஸ்’ என்னும் ராக் இசைக்குழுவின் தலைவரான மார்க் போலன், 1977 செப்டம்பர் 16ஆம் நாள் தென்மேற்கு இலண்டனில் பார்ன்ஸ் பகுதியில் நிகழ்ந்த கார் விபத்தில் இறந்தார். முப்பதாம் அகவை நிறைய இரண்டு வாரங்களே எஞ்சியிருந்தன. விபத்து நடந்த சாலையோரத்தில் ஒரு சைக்கமோர் மரம் நின்றது. அவருடல் எரியூட்டப்பட்டதோ வேறிடத்தில். ஆயினும் இரசிகர்கள் அம்மரத்தையே நாடி வந்தனர். மலரும் மடலும் வைத்தனர்.

இருபது ஆண்டுகள் அவ்வாறே கழிந்தன. 1997இல் அங்கு நினைவுக்கல் ஒன்று நிறுவப்பட்டது. ஆனால் கல் நட்டதால் மட்டும் இடம் காக்கப்பட்டதாகாது என்பதை இரசிகர்கள் உணர்ந்தனர். 1999இல் ‘டி. ரெக்ஸ் ஆக்‌ஷன் குரூப்’ என்னும் தன்னார்வக் குழுவை அமைத்து, அந்நிலத்துண்டுக்கு நிலையான குத்தகை உரிமையைப் பெற்றனர். அதன் பின்னரே நிதி திரட்டும் பணி பொருளுடையதாயிற்று. சரிவில் ஏறி வருவோர்க்காக 2000இல் படிகள் அமைத்தனர். 2002இல், இருபத்தைந்தாம் நினைவாண்டில், வெண்கல மார்பளவுச் சிலையை அவர் மகன் ரோலன் போலன் திறந்து வைத்தார். 2005இல் அப்படிகளிலேயே, மறைந்துபோன பிற குழுவினர்க்கும் பெயர்ப்பலகைகள் பதிக்கப்பட்டன. தலைவனுக்கு எழுந்த நினைவிடம் பக்கத்தில் நின்று இசைத்தவர்களையும் சேர்த்துக்கொண்டது.

நிலம், நிதி, நாள்

காலத்தாலும் இசை முறையாலும் பெரிதும் வேறுபட்ட இவ்விரண்டு இடங்களையும் ஒப்பிட்டால் மூன்று பொதுமைகள் புலனாகின்றன.

முதலாவது நிலம். நாகரத்தினம்மாவும் பார்ன்ஸ் குழுவினரும் அழகுபடுத்துவதற்கு முன்னர் உரிமையை நாடினர். சாலையோரத்து நினைவிடத்திற்கு இது இன்றியமையாதது. சாலை அகலும், கரை சரியும், நிலம் கைமாறும். எழுத்து வடிவில் உரிமை இல்லாத இடத்தில் செலவழிக்கும் பணம் நீரில் எழுதிய எழுத்தே.

இரண்டாவது நிதி. தொடக்கத்தில் வரும் பெருந்தொகை கட்டடமாகும். பின்னர் ஆண்டுதோறும் வரும் சிறுதொகையே புல் செதுக்கும், எழுத்துக்கு மை தீட்டும், உடைந்த படியைச் சீராக்கும். பெருந்தொகை தருவோர்க்குக் கல்வெட்டில் பெயர் கிடைக்கும். சிறுதொகை தருவோர்க்குக் கணக்கு மட்டுமே கிடைக்கும். ஆகவே அக்கணக்கு தூயதாக, எவரும் காணத்தக்கதாக இருத்தல் வேண்டும். கணக்கில் ஐயம் பிறக்கும் நாளே கொடை நிற்கும் நாள்.

மூன்றாவது நாள். திருவையாற்றில் புஷ்ய பகுள பஞ்சமி. பார்ன்ஸில் செப்டம்பர் 16. ஆண்டில் ஒரு நாள் மக்கள் கூடினால்தான் எஞ்சிய நாட்களில் நேர்ந்த பழுது கண்ணிற்படும். எனினும் நாள் மட்டும் போதாது என்பதையும் திருவையாற்றின் தொடக்க வரலாறு காட்டிவிட்டது.

இம்மூன்றுடன் ஓர் எச்சரிக்கையும் சேர்கிறது. காப்போர் குழு யாரைச் சேர்க்கிறது, யாரை விலக்குகிறது என்பதே அந்நினைவின் தரத்தை உறுதி செய்கிறது. கட்டியவரையே விலக்கிய விழா பின்னர் அவரை ஏற்றுக்கொண்ட பிறகே முழுமையுற்றது.

எம் ஊர்ச் சாலையில்

பிறர் கதையை இவ்வளவு கூறிய யான் என் குறையையும் கூறுதல் முறை. என் இளமையில் எம் ஊர்த் தர்காவின் சந்தனக்கூடு விழாவில் ஆண்டுதோறும் நாகசுரம் வாசித்த முதியவர் ஒருவர் இருந்தார். அவர் வாசிப்பு எழுந்த பின்னரே கூடு நகரும். அவர் மறைந்ததும் அவர் குடும்பத்தார் சாலையோர வயல் முனையில் சிறு மேடை ஒன்று எழுப்பினர். அதில் பெயரும் நாளும் பொறித்திருந்தனர். நாள்தோறும் அதனைக் கடந்துதான் பள்ளிக்குச் சென்றேன். ஒரு நாளும் நின்று படித்ததில்லை. பின்னர்ச் சாலை உயர்ந்தது, அகன்றது. கொல்லிமலையிலிருந்து திரும்பிய பின் அம்மேடையைத் தேடிச் சென்றேன். இருந்த இடத்தைக் காட்டவும் ஆளில்லை. அவர் முழுப்பெயரை அறிய விரும்பி மூவரை வினவினேன். மூவரும் மூன்று பெயர் கூறினர். கோடு மறைந்த எழுத்தைப் பிழைபடப் படித்த அகநானூற்று வழிப்போக்கரை அன்றுதான் நன்கு விளங்கிக்கொண்டேன்.

முடிவுரை

பெருங்கலைஞர்க்கு மண்டபம் எழுப்ப அரசும் சபைகளும் உள்ளன. ஊர்தோறும் வாழ்ந்து மறைந்த நாகசுரக்காரர், பறையிசைப்போர், வில்லுப்பாட்டுக் கலைஞர், தெருக்கூத்து வாத்தியார் ஆகியோரின் சிறு மேடைகளுக்கு அவ்வூர் இளைஞர்களே துணை. இம்மலரைப் படிக்கும் மாணவச் செல்வங்கள் விடுமுறையில் தத்தம் ஊர்களில் அத்தகைய இடம் ஒன்றைத் தேடிக் காண வேண்டும். பெயரையும் நாளையும் பிழையின்றி எழுதிக்கொள்ள வேண்டும். நிலம் எவருடையது என அறிய வேண்டும். நால்வர் கூடி, ஒரு குறிப்பேட்டில் வரவு செலவு எழுதத் தொடங்க வேண்டும். அதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. பாணனுக்கு என்ன இருக்கிறது எனக் கொல்லிமலையில் கேட்ட அம்மாணவிக்கு நான் அன்று கூறாத விடை இதுவே: காப்பதற்கு நாம் இருந்தால் அவனுக்குக் கல்லும் இருக்கும்.